இடது தோளுக்கு ஒரு துவக்கு

வில்லரே, கனடா, ஓகஸ்ட் 2006

தம்பி,

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நீ கட்டப்போகிற இசபெலோ அவளுடைய தகப்பன் றெயாலோ உன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் விளங்கக்கூடாது. நீயும் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும். பங்கு மண்டபத்தில் சனிக்கிழமைகளில் நடந்த தமிழ் வகுப்பு உனக்குத் தந்தது அவ்வளவுதான். பரவாயில்லை, ஆறுதலாக வாசி. இன்னும் மூன்று கிழமையில் நீ றெயாலோடு வடக்கே கரிபு மான் வேட்டைக்கு விமானம் ஏறுகிறாய். எந்தத் துவக்கோடு ஏறுவது என்பதை இந்தச் சனிக்கிழமைக்குள் நீ முடிவெடுக்க வேண்டும். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். வேறொன்றும் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் துவக்கைப் பற்றி நான் சொல்வது எதுவும் உன் காதில் ஏறாது. நான்கு மாதமாக இந்த மனிசனுக்கு வேறு நினைப்பே இல்லை என்று உன் அம்மா பூசை முடிந்து வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லித் திரிகிறாள். அது பொய்யுமில்லை.

இருபது வருடமாக நான் டோர்வலில் விமானங்களுக்குப் பெட்டி ஏற்றுகிறேன். விமான நிலையத்துக்கு இப்போது வேறு பெயர் வைத்துவிட்டார்கள், என் முதுகுக்கு அது டோர்வல்தான். ஓகஸ்ட் கடைசியில் தொடங்கிச் செப்டெம்பர் முடியும் வரை வடக்கே போகிற விமானங்களுக்கு அந்த நீளப் பெட்டிகள் வரும். கறுப்பு நிறம், கடினமான பிளாஸ்டிக், இரண்டு பூட்டு. உள்ளே துவக்கு என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. பெட்டியைத் தூக்கும்போதே பாரத்தை வைத்து ஆளை மதிப்பிட நான் பழகிக்கொண்டேன். மிகவும் பாரமென்றால் துவக்கின் மேல் பூட்டிய பெரிய தொலைநோக்கி, புது வேட்டைக்காரன். இலேசான பெட்டி, மூலைகள் தேய்ந்து, பூட்டில் துரு என்றால் அவன் பழையவன். பத்து நாள் கழித்து அதே பெட்டிகள் திரும்பி வரும். கூடவே கொம்புகள் வரும், கூர் நுனிகளில் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை வெட்டிச் செருகியிருப்பார்கள். அந்தக் கொம்பைத் தூக்கி வைக்கும்போதெல்லாம் எனக்குள் கேள்வி ஓடும். எவ்வளவு தூரத்தில் நின்று சுட்டிருப்பான்? அந்த மான் அவனைப் பார்த்ததா? ஒரே வெடியில் விழுந்ததா? கேட்க ஆளில்லை. பெட்டிக்காரர் மேலே நிற்பார்கள், நாங்கள் கீழே நிற்போம்.

எனக்குத் துவக்கின் முன்பக்கம் மட்டும்தான் தெரியும். மன்னாரில் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்த யாருக்கும் அது தெரியும். பின்பக்கத்தில் நிற்கிறவனுக்கு என்ன தெரிகிறது என்று நான் யோசித்ததே இல்லை, யோசிக்க விரும்பவுமில்லை. ஈஸ்டர் முடிந்த கிழமை நீ உரிமப் படிவத்தைக் கொண்டுவந்து, உன்னை நன்றாகத் தெரிந்த ஒருவராக நான் கையெழுத்து வைக்க வேண்டும் என்றபோது அம்மா அடுப்படியில் இருந்தபடியே வெடித்தாள். "அங்க துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இஞ்ச இவர் துவக்குக்குக் கையெழுத்து வைக்கப்போறாராம்!" நான் நாலு நாள் படிவத்தைத் தொடவில்லை. ஐந்தாம் நாள் நீ வந்து சண்டை பிடிக்கவில்லை. "அப்பா, விருப்பமில்லையெண்டா வேற ஆளிட்டக் கேக்கிறன். ஆனா இவ்வளவு காலம் தூக்கினியளே, அந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்கெண்டு பாக்க ஆசையில்லையோ?" என்றாய். என் பலவீனம் எதுவென்று நீ அறிந்து வைத்திருந்தாய். அன்றைக்கே கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்ததை நீ பார்த்தாய்தானே. றெயால் தந்த பிரெஞ்சு வேட்டைச் சஞ்சிகைகளை அகராதியும் கையுமாக இடைவேளை நேரத்தில் வாசித்தேன். முதல் கேள்வியே எனக்குத் தலையைக் குடைந்தது. வேகமாகச் சுடுகிற துவக்கெல்லாம் இருக்கும்போது ஏன் இந்தப் போல்ட் துவக்கு? ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் பக்கத்திலுள்ள பிடியைத் தூக்கி, பின்னே இழுத்து, முன்னே தள்ளி, மறுபடி மடக்க வேண்டும். கதவுக்குத் தாழ்ப்பாள் போடுகிற அதே வேலை. பிறகுதான் விளங்கியது, அந்தத் தாழ்ப்பாள்தான் விஷயம். ரவை வெடிக்கும்போது உள்ளே எதுவும் அசையாமல் இறுக்கிப் பிடிக்கிறது. அசையும் பாகங்கள் குறைவென்றால் குளிரில் உறைந்து சிக்குவதும் குறைவு. இதை றெயாலிடம் பெருமையாகச் சொன்னேன். கடதாசி ஆலையில் முப்பது வருடம் இயந்திரம் திருத்திய மனிதர், என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ பிழையான வேலையில இருந்திட்டாய்" என்று பிரெஞ்சில் சொன்னார். எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்.

தூரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீங்கள் போகிற இடத்தில் மரமே இல்லை, ஒளிந்து கிட்டப் போக முடியாது, முந்நூறு மீற்றரில் சுட நேரலாம் என்றார் றெயால். முந்நூறு மீற்றர் என்றால் எவ்வளவு? எனக்குச் சொல்லில் விளங்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜாரி பூங்காவில் உன் அம்மாவை ஒரு முனையில் நிற்கவைத்து, காலடிகளை எண்ணிக்கொண்டு மறுமுனைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தேன். உன் அம்மா ஒரு தீக்குச்சி அளவு இருந்தாள். அந்தத் தீக்குச்சி கையை வீசி எதையோ கத்துவது மட்டும் தெரிந்தது. பக்கத்தில் வந்த பிறகு அது என்னவென்று தெரிந்தது, இங்கே எழுத முடியாது. நூறு மீற்றருக்குச் சரிபார்த்து வைத்த துவக்கில் இருந்து போகும் ரவை அந்த முந்நூறில் ஏறக்குறைய ஒரு முழம் கீழே இறங்கிவிடுமாம். காற்றடித்தால் பக்கவாட்டிலும் விலகும். ஆகவே தூரம் என்பது துவக்குக்கு உரியதல்ல, சுடுகிறவனுக்கு உரியது. றெயாலின் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு கடதாசிச் சாப்பாட்டுத் தட்டை வைத்து ஐந்து வெடி வை, ஐந்தும் தட்டுக்குள் விழுகிற கடைசித் தூரம்தான் உன் தூரம். அதற்கு அப்பால் நிற்கிற மான் உன்னுடையதில்லை.

ரவையின் அளவில் எல்லோரும் பெரியதற்குத்தான் ஆசைப்படுகிறார்கள், நானும் முதலில் அப்படித்தான். முந்நூறு மேக்னம் என்று பெயரைக் கேட்கவே வீரமாக இருக்கிறது. ஆனால் அது தோளில் கழுதை மாதிரி உதைக்கும். உதைக்குப் பயந்த உடம்பு வெடிக்கு முந்தியே சுருங்கும், ரவை வேறெங்கோ போகும். கரிபு அவ்வளவு பெரிய மிருகமில்லை. அதைவிடக் குறைவாக உதைக்கிற முப்பது-ஓ-சிக்ஸ் போதும் என்பது என் முடிவு, அதற்கு எந்தச் சஞ்சிகையிலும் இல்லாத ஒரு காரணம் வைத்திருக்கிறேன். பெட்டிகள் தொலையும், தம்பி. எனக்குத் தெரியும். துவக்கு ஒரு பெட்டியிலும் ரவை வேறொன்றிலும் போய், ரவை மட்டும் வேறு ஊருக்குப் போய்ச் சேர்ந்தால் என்ன செய்வாய்? முப்பது-ஓ-சிக்ஸ் ரவை வடக்கே சின்னஞ்சிறு கடையிலும் பால்மாப் பேணிக்குப் பக்கத்தில் கிடக்குமாம். இன்னொன்று, நாங்கள் பெட்டிகளை எறிவோம். மன்னித்துக்கொள், எறிவோம். எவ்வளவு நல்ல பெட்டியாக இருந்தாலும் முகாமில் இறங்கியதும் இரண்டு வெடி வைத்துத் தொலைநோக்கி அசைந்ததா என்று பார்க்காமல் வேட்டைக்குக் கிளம்பாதே. மரக் கட்டை வைத்த துவக்கு அழகுதான், ஆனால் பத்து நாள் மழையில் நனைந்த மரம் ஊதிக் குழாயை நெருக்கும். திரும்பி வந்த பெட்டிகளில் இருந்து தண்ணீர் ஒழுகுவதை என் சப்பாத்து அறியும். பிளாஸ்டிக் கட்டை வடிவில்லை, ஆனால் குணம் மாறாது.

இவ்வளவையும் மண்டைக்குள் ஏற்றிக்கொண்டுதான் ஜூன் மாதம் உன்னோடு நகருக்கு வடக்கே இருந்த அந்தத் துவக்குக் கடைக்கு வந்தேன். அங்கே நின்ற பெண்ணை நினைவிருக்கிறதா, கண்ணாடியைக் கயிற்றில் மாட்டித் தொங்கவிட்டிருந்தவள். நான் படித்ததெல்லாவற்றையும் அவளிடம் ஒப்பிக்க ஆயத்தமாக இருந்தேன். அவள் என்னைக் கேட்கவேயில்லை. உன்னிடம்தான் கேட்டாள். என்ன மிருகம், எவ்வளவு தூரத்தில், ஒரு நாளைக்கு எவ்வளவு நடப்பாய். பிறகு வெறும் துவக்கொன்றைத் திறந்து காட்டி, உன் கையில் தந்து, "கண்ணை மூடு. தோளில வை. வைச்சாப் பிறகு கண்ணைத் திற" என்றாள். உடம்புக்கு அளவு சரியா என்று பார்க்கிற முறையாம், தொலைநோக்கிக்குள் வட்டம் முழுசாகத் தெரிந்தால் அது உன் அளவு. நீ கண்ணை மூடினாய். துவக்கு எழும்பி நேரே உன் இடது தோளில் போய் உட்கார்ந்தது.

நீ சிரித்துவிட்டு வலது தோளுக்கு மாற்றினாய். அவள் சிரிக்கவில்லை. இரண்டு கைகளையும் நீட்டி, பெருவிரல்களுக்கு நடுவே சின்ன ஓட்டை வைத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னாள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னாள். இடது கண்ணை மூடியதும் கடிகாரம் காணாமல் போய்விட்டது என்றாய். குறி பார்க்கிற கண் உனக்கு இடதாம். போல்ட் பிடி இடப்பக்கம் வைத்த துவக்கும் இருக்கிறது, கடையில் குறைவாகத்தான் இருக்கும், சொல்லி எடுப்பிக்கலாம் என்றாள். "நான் வலக்கைக்காரன், மடாம். எழுதுறது, சாப்பிடுறது எல்லாம் வலக்கையாலதான்" என்றாய் நீ. சிலருக்குக் கண் ஒரு பக்கமும் கை ஒரு பக்கமுமாக இருக்கும், அது சாதாரணம் என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "சின்னனில இவன் எப்பிடி?" என்று கேட்டாள்.

"வலக்கைதான். எப்பவும்" என்றேன் நான்.

அது பொய், தம்பி. உன் முன்னால், உன்னைப் பற்றியே சொன்ன பொய். நீ இடக்கைக்காரனாகப் பிறந்தாய். தவழுகிற வயதில் இருந்து கிலுக்கட்டி, கரண்டி, என் மூக்குக் கண்ணாடி, எதைப் பிடுங்கினாலும் இடக்கையால்தான் பிடுங்குவாய். நாங்கள் கனடா வந்து இரண்டாவது குளிர்காலம் அது. உனக்கு இரண்டரை வயது. டிசெம்பரில் நத்தார்ப் பூசை முடிந்து நம் ஆட்கள் ஒருவர் வீட்டில் சாப்பாடு. நீ எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்து இடக்கையால் சோற்றை அள்ளி வாயில் வைத்தாய். ஒருவர், யாரென்று வேண்டாம், "என்ன, பிள்ளைக்குச் சாப்பிடப் பழக்கேல்லையோ?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அகதிப் பத்திரமும் இரவல் கோட்டுமாக இருந்த எனக்கு அந்தச் சிரிப்பு செருப்படி மாதிரிப் பட்டது. பிள்ளை வளர்க்கத் தெரியாதவன் என்றும் ஒரு பெயர் வேண்டுமா என்று நினைத்தேன்.

அடுத்த நாளில் இருந்து சாப்பாட்டு நேரத்தில் உன் இடக்கையில் பனிக்காலக் கையுறையை மாட்டி, மணிக்கட்டில் நாடாவால் கட்டினேன். நீல நிறக் கம்பளிக் கையுறை. வீட்டுக்குள், சூடாக்கி ஓடிக்கொண்டிருக்கும்போது. படம் கீறும் நேரத்திலும் கட்டினேன். நீ முதல் கிழமை அழுதாய். அம்மா, "விடுங்கோ, பிள்ளை எந்தக் கையாலயெண்டாலும் தின்னட்டும்" என்று சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகு உனக்குத் தானே தீத்தத் தொடங்கினாள். நான் விடவில்லை. இரண்டாம் மாதம் நீ அழுவதை நிறுத்தினாய். மூன்றாம் மாதம், சாப்பாடு வைக்கிற சத்தம் கேட்டவுடன் நீயே ஓடிப்போய் அந்தக் கையுறையை எடுத்துவந்து, கட்டச் சொல்லிக் கையை என்னிடம் நீட்டினாய். எனக்குப் பெருமையாக இருந்தது. கெட்டிக்காரப் பிள்ளை என்று உன்னைக் கொஞ்சினேன். இதைத்தான் இத்தனை வருடமும் என்னால் ஒருவரிடமும் சொல்ல முடியவில்லை. கையுறை கட்டியதைச் சொல்லலாம், அறியாமை என்று தப்பலாம். நீ அதைத் தூக்கிக்கொண்டு வந்ததை எப்படிச் சொல்வது?

நீ போன கார்டெரியில், அந்தக் குழந்தைகள் காப்பகத்தில், இருந்த ஆசிரியை ஒருமுறை என்னைக் கூப்பிட்டு, பிள்ளை சாப்பிட உட்காரும்போது ஏன் கையுறை தேடுகிறான் என்று கேட்டாள். எங்கள் வழக்கம் என்றேன். பிள்ளையை அவன் போக்கில் விடுங்கள் என்று பணிவாகத்தான் சொன்னாள். ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்து வீட்டில் தொடர்ந்தேன். நாலு வயதில் நீ முழு வலக்கைக்காரன். நானும் மறந்துபோனேன் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் மறந்தவன் கடையில் அவ்வளவு வேகமாகப் பொய் சொல்ல மாட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்கு நினைவிருக்கும். எழுத்து கோழி கிளறியது மாதிரி என்று பள்ளிக்கூடத்தில் இருந்து கடிதம் வந்தது, நான் உன்னைப் பக்கம் பக்கமாகத் திருப்பி எழுத வைத்தேன். கிரிக்கெட்டில் பந்தை விட்டாய் என்று மைதானத்தில் எல்லோருக்கும் கேட்கக் கத்தினேன். கோப்பை உடைந்தால், தேநீர் ஊற்றினால், "உனக்குக் கை ஏன் இப்பிடி?" என்பேன். உன் கைக்கு ஒன்றுமில்லை, தம்பி. நான் கட்டிப்போட்ட கையை விட்டுவிட்டு மற்றக் கையிடம் வேலை கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது கடைக்குப் போய்வந்த பிறகு உன்னை ஒளித்து ஒளித்துக் கவனிக்கிறேன், சொன்னால் சிரிப்பாய். போத்தல் மூடியை இடக்கையால் திறக்கிறாய். தொலைபேசியை இடது காதில் வைக்கிறாய். பாணுக்குப் பட்டர் பூசுவது இடக்கை. கதவைத் தள்ளுவது இடது தோள். நான் பார்க்காத வேலைகள், நான் திருத்த மறந்த வேலைகள் எல்லாம் இடப்பக்கமே நிற்கின்றன. இருபது வருடம் அந்தக் கை எங்கே இருந்தது, யாருக்கும் சொல்லாமல் எப்படிக் காத்துக்கொண்டிருந்தது என்று எனக்கு ஒரே ஆச்சரியம். கண்ணை மூடியதும் துவக்கை அதுதானே வாங்கிக்கொண்டது.

கடைக்குப் போய்வந்த அடுத்த ஞாயிறு, றெயால் தன் செத்துப்போன தம்பியின் துவக்கை உனக்குப் பரிசாகத் தந்தார். முந்நூறு மேக்னம், வால்நட் மரம், வலப்பக்கப் போல்ட். இசபெல் அழுதாள், நீ இரண்டு கைகளாலும் வாங்கினாய், வீட்டுக்கு வரப்போகிற மருமகனுக்கு அதைவிடப் பெரிய மரியாதை அவர்களிடம் இல்லை என்று எனக்கும் விளங்கியது. நீ வேண்டாம் என்று சொல்லியிருக்க முடியாது. நான் வளர்த்த பிள்ளை, பெரியவர்கள் தந்ததை எந்தக் கையால் வாங்குவது என்று மட்டும்தான் உனக்குச் சொல்லித் தந்திருக்கிறேன்.

பிறகு ஜூலையில், நீ றெயாலோடு சுட்டுப் பழகிய அந்த மணல் கிடங்கு. மூன்று சனிக்கிழமை. நூறு மீற்றரில் தட்டு. முதல் நாள் ஐந்துக்கு இரண்டு தட்டில் பட்டது, அடுத்த சனிக்கிழமை ஒன்று. துவக்கு வலது தோளில், ஆனால் உன் தலை மட்டும் கட்டைக்கு மேலால் சரிந்து இடது கண்ணைத் தொலைநோக்கிக்குக் கொண்டுபோனது. இடது கண்ணை மூடு என்று றெயால் சொன்னார், மூடினால் உன் முகம் முழுக்கச் சுருங்கி வலது கண்ணும் பாதி மூடியது. மூன்றாம் சனிக்கிழமை துவக்கு உதைத்துத் தொலைநோக்கியின் விளிம்பு புருவத்தைக் கிழித்தது. இரத்தம் கன்னத்தில் வடிய, "சே பா கிராவ், அப்பா, ஒண்டுமில்லை" என்று என்னைத் தேற்றினாய். பிறகு காரின் பின்கதவில் உட்கார்ந்து, வலது கையை மற்றக் கையால் குத்தினாய். "இந்தக் கை ஒண்டுக்கும் உதவாது. சின்னனில இருந்தே இப்பிடித்தான்." றெயாலுக்குத் தமிழ் விளங்காது. பழகப் பழகச் சரிவரும் என்று உன் முதுகில் தட்டினார். எனக்கு விளங்கியது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

போன ஞாயிறு, ஓவர்டைம் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு, றெயால் இருக்கிற ஜோலியெட்டுக்குத் தனியாகப் போனேன். றெயால் கராஜில் கூடாரத் துணியை விரித்து ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார். என் விமான நிலையப் பிரெஞ்சில், கைச் சாடையும் சேர்த்து, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் துணியிலிருந்து நிமிர்ந்தார். "கையுறையா? வீட்டுக்குள்ளயா?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். "அவனுக்குத் தெரியுமா?" இல்லை என்றேன். அவர் துணியை மடிக்கத் தொடங்கினார். "பிறகேன் எனக்குச் சொல்லுறாய்? போய் அவனுக்குச் சொல்லு" என்றார். சொன்னது பிரெஞ்சில், எனக்குக் கேட்டது நம் பேச்சில். வாசல் வரை வந்து, "என்ர தம்பியின்ர துவக்கு வேட்டைக்கு வராட்டி அழாது. அது சுவரில இருக்கட்டும்" என்றார். ஆகவே அந்தப் பக்கம் உனக்குச் சங்கடம் ஒன்றுமில்லை. அது உன் மனதில் கல்லாக இருந்திருக்கும் என்பதால் சொல்கிறேன்.

திங்கட்கிழமை அந்தக் கடைக்கும் போனேன். நான் பொய் சொன்னதைச் சொன்னேன். அந்தப் பெண் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "எனக்கு அண்டைக்கே விளங்கினது" என்றாள். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவளிடம் இப்போது ஒன்று வந்திருக்கிறது. இடப்பக்கப் போல்ட், முப்பது-ஓ-சிக்ஸ், பிளாஸ்டிக் கட்டை, பாரமும் அளவானது. அவளுடைய துவக்குச் சுடும் கழகத்தில் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நீ வந்து சுட்டுப் பார்க்கலாம், அதுவரை யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்றாள்.

அதை எடு என்று நான் சொல்லப் போவதில்லை. உனக்கு எந்தக் கை என்று ஒருமுறை நான் தீர்மானித்தது போதும். றெயாலின் தம்பியின் துவக்கோடுதான் போவேன் என்றால் போ, ஆனால் அதில் உன் தூரம் நூறு மீற்றர்கூட இல்லை என்பதை ஒத்துக்கொண்டு போ. நீ சுட்டது பின்தொடையில் பட்டு, மரமில்லாத அந்த வெளியில் ஒரு மிருகம் மணிக்கணக்காக ஓடலாம். அந்த ஓட்டத்துக்கும் உன் கைதான் காரணம் என்று நீ நம்பிக்கொண்டு வீடு திரும்புவாய். அது மட்டும் நடக்கக்கூடாது என்றுதான் இதை எழுதினேன். இசபெலுக்கு இதை எப்படிச் சொல்ல விரும்புகிறாயோ அப்படிச் சொல். அம்மாவோடு கதைக்க வேண்டுமென்றால் கதை, அவள் அன்றைக்கே என்னோடு வாதாடினவள்.

சனிக்கிழமை நானும் வருவேன், வேண்டாம் என்றால் காரிலேயே இருப்பேன். இடது தோளில் வை. அவசரப்படாதே. ஐந்து ரவையும் தட்டுக்குள் விழுந்தால் என்மேல் கோபப்படு, உனக்கு அந்த உரிமை இருக்கிறது. விழாவிட்டாலும் என்மேல் கோபப்படு. உன் கைமேல் மட்டும் இனிக் கோபப்படாதே.

அப்பா